குஷன்காரருக்கு ஒரு ஃபினிஷிங்

குஷன்காரரைக் கூட்டிக்கொண்டு யார் வீட்டுக்காவது போவதென்றால் அவர் மனைவிக்குத் தனிக் கவலை. உட்காரச் சொன்ன சோபாவில் மனிதர் உட்கார மாட்டார். முதலில் குனிந்து கைப்பிடியைத் தடவுவார். மூலையில் துணி எங்கே சுருங்கி நிற்கிறது என்று கட்டைவிரலால் தேடுவார். அகப்பட்டுவிட்டால் போச்சு. காபி ஆறிக்கொண்டிருக்கும், இவர் "இதை யார் தெச்சது?" என்று விசாரணையில் இறங்கிவிடுவார். மனைவி கிள்ளினால்தான் உட்காருவார். உட்கார்ந்த பிறகும் விரல் மட்டும் அந்தச் சுருக்கத்தை விடாது.

தெருக்கோடியில் இரட்டை ஷட்டர் போட்ட இடம் அவருடைய பட்டறை. உள்ளே நுழைந்ததும் பசை வாசனை மூக்கைத் துளைக்கும். ஒரு பக்கம் எலும்புக்கூடாக நிற்கும் நாற்காலிகள், இன்னொரு பக்கம் அடுக்கிய ஃபோம், நடுவில் எந்த வாடிக்கையாளருடையதோ ஒரு கார் சீட். அந்த ஊரில் குஷன் தைக்கிறவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் இவர் தைத்தால் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கும். எந்த வேலையானாலும் முதலில் ஒரு துண்டில் மாதிரி தைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் முழுத் துணியில் கை வைப்பார். பேச்சில் ஃபினிஷிங் என்ற சொல் வராத நாள் கிடையாது.

அவரிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. தரையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது வலது முழங்காலை மட்டும்தான் ஊன்றுவார். இடதுகால் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். கத்தரி, சுண்ணக்கட்டி, வளைந்த ஊசி, ஸ்டேப்ளர் கன் எல்லாம் அந்தக் கோணலுக்கு ஏற்ற இடத்தில்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லக் கூச்சப்பட்டால் கதை நகராது. குஷன்காரருக்குச் சின்ன வயதில் சிறுநீர் போகும்போது எரிச்சலும் புண்ணும் அடிக்கடி வந்ததால், ஒரு டாக்டர் சொன்னார் என்று முன்தோலை எடுத்துவிட்டார்கள். அப்பாதான் கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஊசி போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார். விழித்துப் பார்த்தால் கட்டுப் போட்டிருந்தது.

அப்பா இப்போது இல்லை. அவர்மேல் மகனுக்குக் கோபமும் இல்லை. அன்றைக்கு டாக்டர் சொன்னால் சொன்னதுதான், பாவம், அப்பாவுக்கு மட்டும் என்ன தெரியும்? அவசியமாகவே இருந்திருக்கலாம். ஆனால் "உனக்கு இன்னது செய்யப் போகிறோம்" என்று ஒரு வார்த்தை. அதை யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. புண் ஆறிவிட்டது, இது மட்டும் ஆறவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். அப்புறம் இரண்டொரு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்கில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு உள்ளாடை உரசுவதே அவருக்குத் தொந்தரவாகிப் போனது. நாளெல்லாம் மண்டியிட்டு எழுந்து வேலை செய்கிறவர் அல்லவா? அப்போதுதான் போனில் எதையோ தேடப்போய், மிச்சமிருக்கும் தோலை மெதுவாக, விடாமல், வருஷக்கணக்கில் இழுத்து வைத்தால் அது வளர்ந்து முன்னால் வந்து மூடும் என்று படித்தார். படித்ததும் தலைகால் புரியவில்லை. தோலை இழுத்துப் பிடிப்பதா? இது நம்ம வேலையாச்சே!

அந்த உற்சாகத்தில்தான் உலகத்தில் வேறு எவரும் செய்யாத ஒரு தப்பைச் செய்தார். பட்டறையில் ஃபோமை மரத்தோடு பிடிக்கவைக்கிற இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை எடுத்து ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் அது வருவேனா என்றது. குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வராததால் மனைவி கதவைத் தட்டினாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், மனித உடம்பின் சங்கடங்கள் அவளுக்குப் புதிதல்ல. உள்ளே வந்து பார்த்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எண்ணெயைத் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணில் தண்ணீர் வராமல் எடுத்துவிட்டாள்.

"சோபாவுக்கு ஒட்டறதைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கீங்களே. ஸ்டேப்ளர் கன்னை எடுக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து தோலை உறுத்தாத காகித டேப் வந்தது. அன்று முதல் அது அவர்கள் வீட்டில் பல் தேய்ப்பதைப் போல ஒரு வழக்கமானது. அவர் காலையில் ஒட்டுவார், இரவில் எடுப்பார், சிவந்திருந்தால் இரண்டு நாள் சும்மா விடுவார். வருஷங்கள் ஓடின. தோல் மெல்ல மெல்ல முன்னால் வந்து மூடியது. உரசல் நின்றது. அந்த நிம்மதியைக் குஷன்காரர் வாய்விட்டே சொன்னார். இத்தனை காலம் செருப்பில் கல்லோடு நடந்தது மாதிரி இருந்ததாம், இப்போது கல் இல்லையாம்.

வேறு யாராக இருந்தாலும் இதோடு சும்மா இருந்திருப்பார்கள். இவர் குஷன்காரர். கண்ணாடியில் பார்த்தால் அவருக்கு நிம்மதி தெரியவில்லை, தொளதொளப்புதான் தெரிந்தது. வளர்ந்த தோலின் வாய் கூம்பி நிற்காமல் சட்டைக்கை மாதிரி திறந்து கிடந்தது. அதுவும் இடதுபக்கம் கொஞ்சம் பின்வாங்கி, கோணலாக. இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஃபினிஷிங் இப்படியா? ஆபரேஷன் செய்து வாயை மட்டும் சரிசெய்துகொள்ள வழியிருக்கிறதாம் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அவளுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷப் பொறுமையையும் ஒரு தையலில் தொலைத்துவிட்டால் மறுபடி இழுப்பதற்குத் தோல் எங்கே இருக்கிறது?

முதலில் போன டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார். குஷன்காரர் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனைவிக்கே அதைக் கேட்டுக் கோபம் வந்துவிட்டது. இதே வயசில் பல் கட்டிக்கொள்கிறவர்களை எவராவது எதற்கு என்று கேட்கிறார்களா? தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் வைத்துச் சரிசெய்யும் சர்ஜன் ஒருவரை அவளுக்குத் தெரியும். அவருடைய நோயாளிகள் கட்டுத்துணி வாங்க அவள் கடைக்குத்தான் வருவார்கள். அவரிடம் போகச் சொன்னாள்.

மாதிரி இல்லாமல் குஷன்காரர் எந்த வேலையையும் தொட்டதில்லை. கார் ஸ்டியரிங்குக்கு உறை தைத்ததில் மிஞ்சிய மெல்லிய தோலை எடுத்து, கட்டைவிரல் பருமனில் மூன்று உறைகள் தைத்தார். ஒன்றில் அடிப்பக்கம் முக்கோணமாக ஒரு துண்டை எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்திருந்தார். இன்னொன்றில் வாயைச் சுற்றி நூல் ஓட்டிச் சுருக்குப்பை மாதிரி இழுத்திருந்தார். மூன்றாவதில், பழைய வெட்டு இருந்த இடத்தில் கறுப்பும் வெளுப்புமாக நிறம் மாறுமே, அந்தப் பட்டையை எடுத்துவிட்டு ஒட்டுப்போட்டிருந்தார். மூன்றையும் டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப்போனார்.

சர்ஜன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். டப்பாவைத் திறந்தவர் ஓர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"குஷன் வேலைங்க."

"அதானே பார்த்தேன். தையல் பிரமாதம்," என்றார் சர்ஜன்.

சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கேலியாகச் சிரிக்கவில்லை. மூன்று உறைகளையும் விளக்கடியில் வரிசையாக வைத்து, அவற்றை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினார். முக்கோணத் துண்டை எடுத்தால் வாய் சிறுக்கும், ஆனால் எடுத்தது எடுத்ததுதான். சுற்றி நூல் ஓட்டுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வளையமாக வடு விழும். அந்த வடு இறுகினால் தோலைப் பின்னால் தள்ளவே முடியாமல் போகலாம், அப்புறம் அதைத் திறக்க இன்னொரு ஆபரேஷன். நிறம் மாறுமிடத்தை எடுப்பது ஒரு வடுவைக் கொடுத்து இன்னொரு வடுவை வாங்குவது. பிறக்கும்போது வந்த தோலின் நுனியில் மெல்லிய தசைகள் இருக்கும், அவைதான் கூம்பிப் பிடிக்கும். இழுத்து வளர்த்த தோலில் அவை இல்லை, எந்தத் தையலாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. இந்த மாதிரி ஆபரேஷன்களைத் தானே அதிகம் செய்ததில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அப்புறம் சுருக்குப்பை மாதிரியை எடுத்துக் காட்டினார். "இது நனைஞ்சு காஞ்சா என்ன ஆகும்?"

"இறுகும்."

"எவ்வளவு?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. தோலுக்குத் தோல் மாறும்."

"என் கதையும் அதேதான். புண்ணு ஆறும்போது இறுகும். எவ்வளவுன்னு முன்கூட்டி என்னால சொல்ல முடியாது," என்றார்.

குஷன்காரருக்கு அது சுருக்கென்று புரிந்தது. எத்தனை ஸ்டியரிங் உறைகள் மழையில் நனைந்து அவரிடமே திரும்பி வந்திருக்கின்றன! தன் உடம்புத் தோலைப் பற்றி யோசிக்கையில் மட்டும் இது எப்படி மறந்துபோனது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு படுக்கவைத்துப் பரிசோதித்தார்கள். சர்ஜன் தோலை மெதுவாகப் பின்னால் தள்ளினார். இடதுபக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"எது?"

"இந்தப் பாலம்."

குஷன்காரருக்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே தெரியவில்லை. மொட்டின் ஓரத்திலிருந்து தண்டுத் தோலுக்கு ஒரு சின்னத் தோல்பட்டை இடதுபக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயது ஆபரேஷனில் இரண்டு பச்சைப் புண்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஆறியதால் வந்த ஒட்டு அது. அவருக்கு நினைவு தெரிந்த நாளாக அது அங்கேதான் இருந்தது.

"எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேங்க," என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மனிதர் வேறு யாருடையதை எங்கே போய்ப் பார்த்து ஒப்பிட்டிருப்பார்? இடுப்பை மடக்கினாலோ இடது முழங்காலை ஊன்றினாலோ சுரீரென்று ஓர் இழுப்பு வருமா என்று சர்ஜன் கேட்டார். வரும் என்றார். வருமென்பதாலேயே ஊன்றுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது முழங்கால், நீட்டிய இடதுகால், கத்தரி வைக்கும் இடம் எல்லாம் கண்முன் வந்து போயின. பட்டறை முழுவதையும் இந்த இத்தனூண்டு ஒட்டுக்காகத்தான் அடுக்கியிருந்தார். ஸ்டைலாம், ஸ்டைல்!

வாய் கோணலாகத் திறந்து கிடப்பதற்கும் அதுதான் பெரிய காரணம் என்றார் சர்ஜன். மற்ற இடமெல்லாம் முன்னால் வருகிறது, இடதுபக்கத்தை மட்டும் அது பிடித்து வைக்கிறது. அதை எடுப்பது சின்ன வேலை. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முதலில் அதைச் செய்துவிட்டு வாய் எப்படி அமைகிறது என்று பொறுத்துப் பார்ப்பதுதான் தன் யோசனை என்றார். வாயையும் கட்டாயம் தைத்தாக வேண்டும் என்றால் அபாயம் தெரிந்தே தைத்துக்கொள்ளலாம், எதுவுமே வேண்டாம் என்றாலும் பாதகமில்லை.

"அவசரமே இல்ல. யோசிச்சு, வர்ற அன்னிக்குச் சொல்லுங்க. உடம்பு உங்களுது," என்றார்.

அங்கே பிடித்தது தலைவலி. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார். தனக்கு இப்போது இருப்பதே போதும், ஆனால் இதில் தன் பேச்சு செல்லாது, அவர்தான் சொல்ல வேண்டும் என்று அவள் கையை விரித்துவிட்டாள். சர்ஜனுக்கு போன் போட்டார். அவரும் அதையே சொன்னார். ஒருநாள் வாய் கூம்பிய அழகு கண்ணில் நின்று வா வா என்றது. மறுநாள் இறுகிய வடு கண்ணில் நின்று பயமுறுத்தியது. யாராவது ஒருவர் இதைச் செய், இதைச் செய்யாதே என்று அடித்துச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. பட்டறையில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஒரு நாற்காலிக்கு ரெக்ஸினை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, ஓரத்துக்குப் பைப்பிங் நாடா கொடுத்து, சுருக்கமே இல்லாமல் அழகாக அடித்து முடித்த பிறகுதான் கவனித்தார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக அப்படி ஒன்று நடந்ததில்லை.

அன்று சாப்பிடும்போதும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். மனைவி தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"உங்களைக் கேக்காம செஞ்சுட்டாங்கன்னு நமக்குக் கல்யாணமான நாளா சொல்றீங்க. இப்ப ஒருத்தர் கேக்கறாரு. அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க."

குஷன்காரர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளும் வந்தது. வாசல்வரை அவருக்கு முடிவு தெரியாது. அறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. படுத்ததும் கை தானாகப் படுக்கையின் ஓரத்துக்குப் போனது. ரெக்ஸின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. கட்டைவிரல் அதற்குள் நுழைந்துகொண்டது. நர்ஸ் துணியால் மூடிவிட்டு விளக்கைத் திருப்பினாள். வட்டமான, வெள்ளையான, முகத்துக்கு நேரே வருகிற அந்த விளக்கு மட்டும் சின்ன வயதில் பார்த்த விளக்கு மாதிரியே இருந்தது. ஊசி போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொன்ன குரலும் நினைவுக்கு வந்தது.

சர்ஜன் ஊசியைக் கையில் எடுத்தவர் போடவில்லை. நர்ஸும் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். பேரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார்.

"இன்னிக்கு உங்களுக்கு என்ன செய்யப் போறோம்? உங்க வாயாலேயே சொல்லுங்க," என்றார் சர்ஜன்.

அந்த மருத்துவமனையில் யாரைப் படுக்கவைத்தாலும் இப்படிக் கேட்பது வழக்கம். நாளொன்றுக்கு எத்தனை பேரிடமோ கேட்கிற கேள்விதான். குஷன்காரருக்கு அது தெரியாது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, அவர் சொன்னால்தான் அடுத்தது என்கிற மாதிரி நின்றார்கள். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. வலிக்குமோ என்று பயப்படுவதாக நினைத்து நர்ஸ் தோளைத் தொட்டாள். பயமெல்லாம் இல்லை. பல நாளாக மனத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது அந்த நிமிஷம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"இடதுபக்கம் ஒட்டியிருக்கறதை மட்டும் எடுங்க. வாயைத் தெக்க வேணாம். நானா வளத்தது, அது அப்படியே இருக்கட்டும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நர்ஸ் அதை வார்த்தை பிசகாமல் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அதன் பிறகுதான் ஊசி இறங்கியது. எறும்பு கடித்தது மாதிரி இருந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. சொன்னதைச் செய்தார்கள், சொல்லாததைச் செய்யவில்லை.

புண் ஆறி, மறுபடி காகித டேப் போட்டு, அதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. வாய் முன்பைவிட நேராக அமைந்திருக்கிறது. கூம்பிவிட்டதா என்றால் முழுக்கக் கூம்பவில்லை. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போது விரல் துடிக்கத்தான் செய்கிறது, ஆனால் கை வைப்பதில்லை. பட்டறையில் இப்போது இரண்டு முழங்காலையும் ஊன்றுகிறார். கத்தரி இடம் மாறிவிட்டது, பழக்கதோஷத்தில் பழைய இடத்தில் துழாவி அசடு வழிகிறார். அந்தச் சின்ன அறையின் படுக்கைக்குத் தானே போய்ப் புது ரெக்ஸின் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார், வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா? அடுத்தவர் வீட்டு சோபாவைத் தடவுவதையும் விடவில்லை, மனைவி கிள்ளுவதையும் விடவில்லை.

இதையெல்லாம்விட அவர் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த அந்த நேரத்தைத்தான். காலை அகட்டி அகட்டி நடந்து வந்தவரைப் பார்த்ததும் வராந்தாவில் காத்திருந்த மனைவி எழுந்து ஓடிவந்தாள். கண் சிவந்திருப்பதைக் கண்டு பதறிப்போய், உள்ளே என்னதான் செய்தார்கள் என்று கேட்டாள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டை எடுத்ததையோ வாயை விட்டுவிடச் சொன்னதையோ அவர் முதலில் சொல்லவில்லை.

"என்னைக் கேட்டாங்க," என்றார்.